ஓரகத்தியின் தக்கைப் பொடி

பெரியவளுக்குப் பொறாமை என்ற குணமே கிடையாது. அவளே சொல்வாள். யாரும் கேட்காதபோதும் சொல்வாள். "எனக்கு யார் மேலயும் பொறாமை இல்லப்பா, அவங்கவங்க அதிர்ஷ்டம் அவங்கவங்களுக்கு" என்று சொல்லிவிட்டுக் கையில் இருக்கும் பாத்திரத்தை டங்கென்று மேடையில் வைப்பாள். அந்த டங்கிலேயே கேட்பவர்களுக்கு விஷயம் புரிந்துவிடும்.

வீடு ஒன்று, அண்ணன் தம்பி இரண்டு பேர். அண்ணனைக் கட்டிக்கொண்டவள் பெரியவள். போன வருஷம் தம்பியைக் கட்டிக்கொண்டு வந்தவள் சின்னவள். நடுவில் மாமியார். இது எந்த வீட்டிலும் உள்ள கதைதான். ஆனால் இந்த வீட்டு மருமகள்கள் இருவரும் படித்தது ஒரே படிப்பு. பார்ப்பது ஒரே ஆலையில், அதுவும் ஒரே சோதனைக்கூடத்தில் வேலை. காலையில் ஒரே பேருந்தில் போய், சாயங்காலம் ஒரே பேருந்தில் திரும்பி, ராத்திரி ஒரே குழாயடியில் பாத்திரம் கழுவுகிறார்கள். மூச்சு விட இடம் வேண்டாமா மனுஷிக்கு?

சின்னவளுக்கு அந்த வேலையை வாங்கிக் கொடுத்தது யார்? சாட்சாத் பெரியவள்தான். "பாவம், படிச்ச பொண்ணு, வீட்ல சும்மா உக்காந்திருக்கா. உங்க முதலாளிகிட்ட ஒரு வார்த்தை சொல்லிப் பாரேன்" என்றார் மாமியார். சொன்னாள். வாய் சும்மா இருந்திருக்கக் கூடாதா? அந்த ஒரு வார்த்தைக்காகத் தன் நாக்கை அவள் திட்டாத நாள் இல்லை. ஆலையில் யாராவது "அவங்க உங்க சொந்தமா?" என்று கேட்டால், "புதுசா வந்த பொண்ணு" என்பதோடு நிறுத்திக்கொள்வாள். ஓரகத்தி என்ற சொல் ஆலைக்குள் அவள் வாயில் வந்ததே கிடையாது.

அது மக்காச்சோள ஆலை. சோளக் கதிர் லாரியில் வரும். மணியை உதிர்த்து மாவாக்கி மூட்டை கட்டி அனுப்புவார்கள். மணி போன பிறகு மிஞ்சுகிற தக்கை ஆலைக்குப் பின்னால் மலைபோல் குவிந்து கிடக்கும். கொஞ்சம் கொதிகலனில் எரியும், மிச்சம் மழையில் நனைந்து நாறும். "இந்தக் குப்பையில ஏதாவது செய்ங்கப்பா" என்று முதலாளி பல வருஷமாகப் புலம்பிக்கொண்டிருந்தார். அதற்காகத்தான் மாடியில் இரண்டு அறை ஒதுக்கி ஒரு சோதனைக்கூடமே வைத்தார்.

பெரியவள் என்ன செய்தாள்? தக்கையை விட்டுவிட்டுப் பக்கத்துப் பழரச ஆலையிலிருந்து ஆரஞ்சுத் தோலைக் கூடை கூடையாக வாங்கி வந்தாள். தோல் மணமாக இருந்தது, பார்க்க லட்சணமாக இருந்தது. ஊற வைத்தாள், வேக வைத்தாள், பிழிந்தாள், உலர்த்தினாள். கடைசியில் கிடைத்தது பழுப்பு நிறத்தில் ஒரு பொடி. நாக்கில் வைத்தால் முகம் எட்டுக் கோணலாகும் கசப்பு. அதை இனிப்பாக்க அவள் பட்ட பாடு கொஞ்சநஞ்சம் இல்லை.

சின்னவள் வந்தாள். ஒன்றும் தெரியாத பாப்பா மாதிரி நின்றாள். ஒரு நாள் மத்தியானம் பின்பக்கம் போய், ஒரு கூடை தக்கையை அள்ளிக்கொண்டு வந்தாள். அதை இடித்து, அழுத்தம் கொடுத்த வெந்நீரில் வேக வைத்து, அந்தத் தண்ணீரில் நொதி கலந்து, கரியில் வடிகட்டி, உலர்த்தினாள். வெள்ளை வெளேரென்று ஒரு பொடி வந்தது. நாக்கில் வைத்தால் லேசான தித்திப்பு. தண்ணீரில் போட்டால் போட்ட இடம் தெரியாமல் கரைந்தது. அந்தக் குவியலைப் பதினோரு வருஷமாக மூக்கைப் பிடித்துக்கொண்டு தாண்டிப் போனவள் பெரியவள். வயிறு எரியுமா எரியாதா, நீங்களே சொல்லுங்கள்.

முதலாளி தலைகால் புரியாமல் ஆடினார். வருகிறவர் போகிறவரிடமெல்லாம் அவரே விளக்கம் சொன்னார். "இது நமக்குச் சாப்பாடு இல்லைங்க. நம்ம குடலால இதைச் செரிக்கவே முடியாது. நேரா பெருங்குடலுக்குப் போயிடும். அங்க நல்ல கிருமிங்க குடியிருக்கு பாருங்க, அதுங்களுக்குத்தான் இது சாப்பாடு. அதுங்க நல்லா இருந்தா நாம நல்லா இருப்போம்." இந்த விளக்கத்தை அவருக்குச் சொல்லிக் கொடுத்தவள் பெரியவள். ஆரஞ்சுத் தோல் காலத்தில் சொல்லிக் கொடுத்தது. இப்போது அதைச் சொல்லும்போது அவர் கை காட்டுவது சின்னவளை.

ஒரு பிஸ்கட் கம்பெனி தக்கைப் பொடியைப் பார்க்க வருவதாகச் சொல்லி அனுப்பியது. சோதனையில் பொடி தேறினால் புதிதாக ஒரு கொட்டகை கட்டி அதற்கென்று ஒரு பொறுப்பாளரைப் போடப்போவதாக முதலாளி அறிவித்தார். பொறுப்பாளர் நாற்காலி! பெரியவள் அதற்குத்தான் இத்தனை வருஷம் காத்திருந்தாள். பொடி தேறினால் அது சின்னவளுக்கு. தேறாவிட்டால் முதலாளிக்கு ஆரஞ்சுத் தோலை விட்டால் வேறு கதி இல்லை, நாற்காலி பெரியவளுக்கு. சோதனை செய்ய வேண்டியவளோ பெரியவள். விதி எப்படி முடிச்சுப் போடுகிறது பாருங்கள்.

வீட்டிலும் இதே பாட்டுத்தான். "சின்னவ கை பட்டா குப்பையும் சக்கரையாகுது" என்பார் மாமியார். காலையில் காபி போடுவதுகூட இப்போது சின்னவள் வேலையாகிவிட்டது. "பெரியவ காபி நல்லாத்தான் இருக்கும், ஆனா சின்னவ காபியில ஒரு இது இருக்கு" என்பார். அந்த 'இது' என்னவென்று பெரியவள் கேட்கவில்லை. அவளுக்கும் அந்தக் காபி பிடித்திருந்தது, அதுதான் கொடுமை. கடைசிச் சொட்டு வரை குடித்துவிட்டு, "கொஞ்சம் தண்ணியா இருக்கு" என்று குறை சொல்லிவிட்டுக் கிளம்புவாள்.

சோதனைக்குச் சுமார் ஒரு மாதம் முன்னால் அவளுக்குக் கடைவாய்ப் பல் வீங்கியது. கன்னம் பன்னு மாதிரி உப்பியது. வீட்டில் சொன்னால் சின்னவள் வெந்நீர் போட்டுக் கொடுக்கிறேன், துணை வருகிறேன் என்று ஓடி வருவாள், அதை வேறு மாமியார் நாலு பேரிடம் சொல்லி மெச்சுவார். எதற்கு வம்பு? பேருந்தை விட்டு ஒரு நிறுத்தம் முன்னாலேயே இறங்கிப் பல் டாக்டரைப் பார்த்துவிட்டு வந்தாள். அவர் கொடுத்த ஆன்டிபயாடிக் மாத்திரையை யாருக்கும் தெரியாமல் விழுங்கினாள். வீக்கம் வடிந்தது. ஆனால் வயிறு கலகலத்துப் போனது. கழிவறைக்கும் கூடத்துக்கும் நடந்து நடந்தே கால் ஓய்ந்தது. மாத்திரை தீர்ந்து, எப்படியோ தானாகவே வயிறும் சரியானது. தானாகவே என்றுதான் அவள் நினைத்துக்கொண்டிருந்தாள்.

இங்கே சோதனையைப் பற்றிக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும். கூச்சப்படுகிறவர்கள் இந்தப் பத்தியைத் தாண்டிப் போகலாம். குடலுக்குள் நடப்பதைப் பாட்டிலுக்குள் நடத்திக் காட்டுவதுதான் சோதனை. உடம்புச் சூட்டில் இருக்கும் ஒரு பெட்டி. அதில் காற்றுப் புகாத சின்னச் சின்னக் கண்ணாடிப் பாட்டில்கள். உள்ளே பொடி. பொடியைத் தின்னக் கிருமி வேண்டுமே, அது எங்கிருந்து வரும்? மனுஷக் குடலிலிருந்துதான் வரும். நல்ல ஆரோக்கியமான ஒரு ஆள், அன்று காலையில், ஒரு டப்பாவில் கொண்டு வந்து கொடுக்க வேண்டும். ஆலையில் அதற்குச் 'சரக்கு' என்று பெயர். கணக்குப்பிள்ளையைக் கேட்டால் காது கேட்காத மாதிரி போய்விடுவார். டிரைவரைக் கேட்டால் முகம் சிவந்து லாரிக்கு அடியில் புகுந்துகொள்வார். அதனால் பழைய காலத்திலிருந்தே சரக்கு கொடுப்பவள் பெரியவள்தான். வெட்கம் மானம் பார்த்தால் வேலை நடக்குமா?

ஒரு கண்டிப்பான விதி உண்டு. சரக்கு கொடுப்பவர் கடந்த மூன்று மாதத்தில் ஆன்டிபயாடிக் சாப்பிட்டிருக்கக் கூடாது. சாப்பிட்டால் கெட்ட கிருமியோடு சேர்ந்து நல்லதும் செத்திருக்கும். சோதனைக்கு முன்னால் அதைக் கேட்டுவிட்டுத்தான் டப்பாவை வாங்க வேண்டும். கேட்பது சோதனை செய்பவரின் கடமை. சோதனை செய்பவளும் பெரியவள், சரக்குக் கொடுப்பவளும் பெரியவள். ஆக, கேட்க வேண்டியவளும் அவள், பதில் சொல்ல வேண்டியவளும் அவள்.

அன்று காலை அவள் டப்பாவோடு சோதனை அறைக் கதவைச் சாத்திக்கொண்டாள். பொடி செய்தவர்கள் உள்ளே வரக் கூடாது என்பது அவளே போட்ட சட்டம். கண்ணாடிக்கு வெளியே சின்னவள் கையைப் பிசைந்துகொண்டு நின்றாள். பெரியவள் தன்னைத் தானே கேட்டுக்கொள்ள வேண்டிய அந்தக் கேள்வியைக் கேட்டுக்கொள்ளவில்லை. அவ்வளவுதான் அவள் செய்தது. ஒரு பாட்டிலையும் மாற்றவில்லை, ஒரு எண்ணையும் திருத்தவில்லை. வாயை மூடிக்கொண்டு இருந்தாள்.

அவள் கணக்கு இதுதான். எல்லாச் சோதனையிலும் மூன்று வகைப் பாட்டில் வைப்பார்கள். ஒன்றில் பொடியே இருக்காது. ஒன்றில் கடையில் விலை கொடுத்து வாங்கிய பெயர்போன நார்ச்சத்து இருக்கும், ஒப்பிட்டுப் பார்க்க. மூன்றாவதில் தக்கைப் பொடி. கடைச் சாமானைப் பல வகைக் கிருமிகள் தின்னும், அரைகுறை வயிற்றிலும் அது கொஞ்சம் பொங்கும். தக்கைப் பொடியோ குறிப்பிட்ட சில கிருமிகளுக்குத்தான் பிடிக்கும். அவை மாத்திரைக்கு முதலில் பலியாகிறவை. ஆக, தக்கைப் பொடி படுத்துவிடும், யாருக்கும் சந்தேகம் வராது. 'விழ வேண்டாம், ஒரு தடவை தடுக்கட்டும். தடுக்கினால் என்ன குடியா முழுகிவிடும்?' என்று தனக்குத்தானே சப்பைக்கட்டு கட்டிக்கொண்டாள். அன்று ராத்திரி நிம்மதியாகத் தூங்கினாள் என்று எழுத எனக்கும் வருத்தமாகத்தான் இருக்கிறது. ஆனால் தூங்கினாள்.

மறுநாள் பெட்டியைத் திறந்தாள். ஒவ்வொரு பாட்டிலின் மூடியிலும் ஒரு சிரிஞ்சு குத்தியிருக்கும். உள்ளே கிருமி தின்றால் வாயு வரும், வாயு வந்தால் சிரிஞ்சின் தண்டு மேலே ஏறும். வெறும் பாட்டிலில் தண்டு அசையவில்லை, சரி. கடைச் சாமானிலும் ஏதோ பேருக்கு நகர்ந்திருந்தது. தக்கைப் பொடிப் பாட்டில்கள் அத்தனையிலும் தண்டு உச்சிக்கு ஏறி நின்றது. புளிப்பை அளந்து பார்த்தாள். நல்ல கிருமி தின்றால் வரவேண்டிய புளிப்பு, கொஞ்சமும் குறையாமல் வந்திருந்தது. இன்னொரு முறை அளந்தாள், அதேதான்.

"என்னம்மா, எப்படி?" என்று முதலாளி நிலைப்படியிலேயே எட்டிப் பார்த்தார். எட்டிப் பார்த்தவர் கூவிவிட்டார். "ஐயையோ! காசு குடுத்து வாங்கின சாமான் தூங்குது, நம்ம பொடி துள்ளுதே! பிஸ்கட்காரன் வாயைப் பிளக்கப் போறான்!" கணக்குப்பிள்ளையைக் கூப்பிட்டார், டிரைவரைக் கூப்பிட்டார். சின்னவளை நடுவில் நிறுத்தி எல்லாரையும் கை தட்டச் சொன்னார். பெரியவளும் தட்டினாள். ஒவ்வொரு தட்டும் தன் கன்னத்திலேயே விழுகிற மாதிரி இருந்தது.

யோசித்துப் பாருங்கள் அவள் நிலைமையை. ஓரகத்தி காலை வாரலாம் என்று போனவள், அவளை ஏணி போட்டு ஏற்றிவிட்டிருக்கிறாள். இத்தனைக்கும் அது பொய் வெற்றி. ஒப்பிடுகிற சாமானே எழும்பாவிட்டால் அந்தச் சோதனை செல்லாது, இது பெரியவளுக்குத் தெரியும். ஆனால் செல்லாது என்று சொன்னால், ஏன் செல்லாது, உன் சரக்குக்கு என்ன ஆச்சு என்று கேட்பார்கள். சொல்லாவிட்டால் சின்னவள் நாற்காலியில் ஏறி உட்கார்ந்துவிடுவாள். சொன்னால் மானம் போகும், சொல்லாவிட்டால் வயிறு வேகும். இதற்கெல்லாம் மேலே இன்னொரு குடைச்சல். செத்துப் போயிருக்க வேண்டிய கிருமிகள் எப்படி எழுந்து வந்தன? அதுவும் அந்த ஒரு பொடிக்கு மட்டும்?

மத்தியானம் சின்னவள் வந்து நின்றாள். "அக்கா, ஒரு நிமிஷம் பின்னாடி வரீங்களா?" முகம் வெளுத்திருந்தது. இருவரும் தக்கைக் குவியலுக்குப் பின்னால் போனார்கள்.

"அந்த ரிசல்ட் சரியில்லைக்கா" என்றாள் சின்னவள்.

"ஏன், இன்னும் எகிறியிருக்கணுமா?"

"கடைச் சாமான் எழும்பல. அப்போ சோதனை செல்லாது. நீங்கதானே எனக்குச் சொல்லிக் குடுத்தீங்க."

பெரியவளுக்குச் சுருக்கென்றது. இவளாவது கொஞ்சம் இந்தப் புகழில் மயங்கி நிற்கக் கூடாதா? அதற்கும் கொடுப்பினை இல்லை.

"அதோட..." என்று இழுத்தாள் சின்னவள். "நீங்க மாத்திரை சாப்பிட்டீங்க. குப்பைக்கூடையில அட்டையைப் பாத்தேன். நீங்க வயித்தைப் பிடிச்சுக்கிட்டு ஓடினதையும் பாத்தேன். இந்தத் தடவை டிரைவர் அண்ணன்கிட்ட வாங்குவீங்கன்னு நெனச்சேன். நேத்து நீங்களே டப்பாவோட போனதும் எனக்கு ஒண்ணும் புரியல."

கையும் களவுமாகப் பிடிபட்டவர்கள் என்ன செய்வார்களோ அதைத்தான் பெரியவளும் செய்தாள். குரலை உயர்த்தினாள். "பாத்தவ அப்பவே வாயைத் திறக்கறதுதானே? கல்லு மாதிரி நின்ன?"

"திறந்தா என் குட்டு உடைஞ்சிடுமேக்கா."

"உனக்கு என்னடி குட்டு?"

சின்னவள் காலால் ஒரு தக்கையை உருட்டினாள். "அந்த மாத்திரை முடிஞ்சதிலேர்ந்து தினமும் உங்க காபியில சக்கரையைப் பாதியாக்கிட்டு, மிச்சத்துக்கு இந்தப் பொடியைப் போட்டேன். நானும் அவரும் அத்தையும் எப்பவோ குடிக்க ஆரம்பிச்சாச்சு, ஒண்ணும் ஆகல. உங்க வயிறு படற பாட்டைப் பாத்துப் பொறுக்கல. நீங்க சரக்கு குடுக்கப் போறீங்கன்னு தெரிஞ்சிருந்தா..."

பெரியவளுக்கு எல்லாம் விளங்கியது. ஆக, அதுதான் விஷயம்! மாத்திரை தின்று பாழாகிக் கிடந்த வயிற்றில் தப்பிப் பிழைத்த நாலு கிருமியை, தினமும் காலையில் இவள் இந்தப் பொடியைப் போட்டு ஊட்டி வளர்த்திருக்கிறாள். அந்தப் படைதான் பாட்டிலுக்குள் போனதும் தெரிந்த சாப்பாட்டைப் பார்த்துத் துள்ளியிருக்கிறது. 'ஒரு இது இருக்கு' என்று மாமியார் சொன்ன அந்த 'இது' இதுதான்.

"என் வயிறு என்ன, உனக்குச் சோதனை பாட்டிலா? சொல்லாம கொள்ளாம ஒருத்தி வயித்துல பொடியைக் கலப்பியா? உன்னை யாரு கேட்டா?" அவள் போட்ட சத்தத்தில் குவியல் மேல் இருந்த காக்கை பறந்தது.

"சொன்னா குடிச்சிருப்பீங்களா அக்கா?"

பெரியவள் முகத்தைத் திருப்பிக்கொண்டு காக்கை போன திசையைப் பார்த்தாள்.

"என் பொடின்னு தெரிஞ்சா காபியைக் கொட்டிட்டு டம்ளரையும் சேத்து வீசியிருப்பீங்க" என்றாள் சின்னவள். அழுகிற குரல், ஆனால் அழவில்லை. "எனக்குத் தெரியாதுன்னு நெனச்சீங்களா? என்னை உங்களுக்குப் பிடிக்கலன்னு தெரியாதா? பஸ்ல நான் ஜன்னல் பக்கம் உக்காந்தா நீங்க வாசல் பக்கம் திரும்பி உக்காறீங்க. தெரிஞ்சுதான் சொல்லாம போட்டேன். தப்புதான். வாங்க, முதலாளிகிட்ட போய்ச் சொல்லிடறேன்."

அவள் கிளம்பிவிட்டாள். பெரியவள் பின்னாலேயே ஓடினாள். ஓடும்போதே அவள் மனசுக்குள் ஒரு பிசாசு கணக்குப் போட்டது. சரக்குக் கொடுப்பவருக்கு ரகசியமாகப் பொடி கொடுத்து வளர்த்தவள் என்று இவள் பெயர் வெளியில் வந்தால் என்ன ஆகும்? தன் பொடியைத் தேற வைக்கச் சூழ்ச்சி செய்தாள் என்றுதான் எவரும் நினைப்பார்கள். நாற்காலி என்ன, வேலையே போய்விடும். பெரியவள் ஒன்றும் செய்ய வேண்டியதில்லை. வழக்கம்போல வாயை மூடிக்கொண்டிருந்தால் போதும்.

மாடிப்படியில் சின்னவளைத் தாண்டிக்கொண்டு மேலே ஏறினாள். ஒப்புக்கொள்வதிலும் இவள் முந்திக்கொள்வதா? அதை மட்டும் விடவே முடியாது. கதவைத் தட்டாமலேயே உள்ளே போய், "சார், சோதனை செல்லாது. நான் போன மாசம் ஆன்டிபயாடிக் சாப்பிட்டிருந்தேன். தெரிஞ்சுதான் சரக்கு குடுத்தேன்" என்று ஒரே மூச்சில் கொட்டினாள்.

முதலாளியின் முகம் விழுந்தது. பேனாவை மூடினார், திறந்தார், மறுபடி மூடினார். "தெரிஞ்சேவா? நீயா? விதி விதின்னு எங்க உயிரை எடுப்பியே, நீயா?" பிறகு நெற்றியைச் சுருக்கினார். "சரி, மருந்து சாப்பிட்ட வயிறுன்னா எதுவுமே எழும்பக் கூடாதே. இந்தப் பொடி மட்டும் எப்படி எழும்பிச்சு?"

மூச்சிரைக்க வாசலில் வந்து நின்ற சின்னவள் வாயைத் திறந்தாள்.

"நான்தான் சார் தினமும் காபியில போட்டுக் குடிச்சேன்" என்றாள் பெரியவள். "வயிறு கெட்டுப் போயிருந்துச்சு. பொடி கையில இருந்துச்சு. எடுத்துப் போட்டுக்கிட்டேன்."

ஏன் அப்படிச் சொன்னாள் என்று கேட்டால் அவளுக்கே தெரியாது. பெரிய மனசு என்று நீங்கள் நினைத்துவிடாதீர்கள். தன்னைக் கரித்துக் கொட்டுகிறவளின் வயிறு நோகக் கூடாது என்று பொடி போட்டாளாம் என்று, இந்த அறையிலும் சின்னவள் நல்ல பெயர் வாங்குவதை நினைக்கவே பெரியவளுக்கு ஆகவில்லை. திருடி என்ற பெயரைக்கூட வாங்கிக்கொள்ளலாம், இவளிடம் கடன்பட்டவள் என்ற பெயர் வேண்டாம் என்று தோன்றியது. சின்னவள் வாயைத் திறந்தவள் திறந்தபடியே பார்த்தாள். 'ஒரு வார்த்தை பேசின, அவ்வளவுதான்' என்று பெரியவள் ஒரு முறை முறைத்தாள். வீட்டில் பலமுறை பார்த்த முறைப்பு. சின்னவள் வாயை மூடிக்கொண்டாள்.

முதலாளி நல்ல மனுஷன். ஒரு பாட்டம் திட்டித் தீர்த்தார். பிஸ்கட் கம்பெனிக்குப் போன் போட்டு ஒரு வாரம் தள்ளி வரச் சொன்னார். இனிமேல் கேட்பது ஒருவர், கொடுப்பது இன்னொருவர் என்று சட்டம் போட்டார். டிரைவரை லாரிக்கு அடியிலிருந்து இழுத்து வந்து சம்மதிக்க வைத்தது தனிக் கதை. கேள்வி கேட்டவள் சின்னவள், வெட்கத்தோடு பதில் சொன்னவர் டிரைவர். பாட்டில் வைத்தவள் பெரியவள். மறுநாள் சிரிஞ்சை ஒவ்வொன்றாகப் பார்த்தாள். கடைச் சாமான் அழகாக எழும்பியிருந்தது. தக்கைப் பொடி அதற்குச் சரிசமமாக நின்றது. துள்ளவும் இல்லை, தூங்கவும் இல்லை. தேறிவிட்டது. உண்மையாகவே தேறிவிட்டது. "தேறிடுச்சு" என்று கண்ணாடிக்கு இந்தப் பக்கத்திலிருந்து உதட்டை மட்டும் அசைத்தாள். வெளியே நின்றவள் சுவரில் சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டாள்.

நாற்காலி சின்னவளுக்குப் போனது. பெரியவள் கை குலுக்கினாள், விரல் நுனியால். அன்று வீட்டில் மாமியார் சின்னவளைத் தலையில் தூக்கி வைத்துக்கொண்டு ஆடினார். பெரியவள் பாத்திரங்களையெல்லாம் டங் டங்கென்று அடுக்கினாள். இந்த மாதிரி குணமெல்லாம் ஒரு வாரத்தில் போகிற குணமா?

பிஸ்கட் கம்பெனியிலிருந்து ஒரு அம்மாள் வந்தார். வெட்டு ஒன்று துண்டு இரண்டு என்று பேசுகிற ரகம். பொடியை நாக்கில் வைத்துப் பார்த்தார், தண்ணீரில் கரைத்துப் பார்த்தார், சோதனை முடிவைக் கண்ணாடி போட்டுக்கொண்டு படித்தார். எதற்கும் முகத்தில் மாற்றம் இல்லை. முதலாளிக்கு இருப்புக் கொள்ளவில்லை. "இதோ இவங்களைக் கேளுங்க மேடம்" என்று பெரியவளை முன்னால் தள்ளிவிட்டார். "இவங்க மருந்து சாப்பிட்டு வயிறு கெட்டுப் போய், தானா இந்தப் பொடியைக் காபியில போட்டுக் குடிச்சிருக்காங்க. இப்போ பாருங்க, எப்படி இருக்காங்க!"

வேண்டும், நன்றாக வேண்டும். சொன்ன பொய் சுற்றி வந்து அவள் மடியிலேயே விழுந்தது. ஓரகத்தியின் பொடியை ஊர் அறியப் புகழ்வதற்கு அவளைத்தான் நிறுத்தியிருக்கிறார்கள்.

"ஒருத்தர் வயித்தை வச்சு எதையும் முடிவு கட்டக் கூடாது மேடம்" என்றாள் பெரியவள். அது அவள் தொழில், அதில் அவள் விட்டுக்கொடுக்க மாட்டாள். "பொடியால சரியாச்சா, தானா சரியாச்சா, எனக்குத் தெரியாது. சோதனையில என்ன இருக்கோ அதை மட்டும் பாருங்க."

முதலாளி தலையில் கை வைத்துக்கொண்டார். ஆனால் அந்த அம்மாள் கண்ணாடியைக் கழற்றிவிட்டு முதல் முறையாகச் சிரித்தார். "அதை விடுங்க. ருசி எப்படி? காபியில தெரியுதா?"

"தெரியல மேடம். நல்லா இருந்துச்சு. ரொம்ப நல்லா இருந்துச்சு."

"எவ்வளவு போட்டீங்க? ஒரு டம்ளருக்கு எத்தனை ஸ்பூன்?"

பெரியவள் விழித்தாள். போட்டிருந்தால் அல்லவா தெரியும்? பக்கத்தில் நின்ற சின்னவள், யாருக்கும் தெரியாமல் புடவைத் தலைப்புக்குள் ஒரு விரலை நீட்டி, இன்னொரு விரலைப் பாதி மடக்கிக் காட்டினாள். ஒன்றரை. அந்த விரல்களைப் பெரியவள் பார்த்தாள். கரியில் வடிகட்டி வடிகட்டி நகமெல்லாம் கறுத்துப்போன விரல்கள். வயிறு நொந்து அவள் கழிவறைக்கு ஓடிய காலைகளிலெல்லாம், கூடத்து விளக்கைப் போடாமல் சமையலறையில் நின்று பொடியை அளந்த விரல்கள். அந்த அம்மாள் பக்கம் திரும்பினாள்.

"எனக்குத் தெரியாதுங்க" என்றாள். "நான் போட்டுக்கல. அவதான் தினமும் போட்டுக் குடுத்தா."

முதலாளி நிமிர்ந்தார். "யாரு அவ?" என்றார் அந்த அம்மாள்.

பெரியவள் சின்னவளின் கையைப் பிடித்து முன்னால் இழுத்தாள்.

"இவதான்" என்றாள். "என் ஓரகத்தி."